முதலில் டக், பிறகுதான் ஸ்வரம்

கணினியோடு இணைத்த என் இசைக் கீபோர்டில் கட்டையை அழுத்தினால் முதலில் பிளாஸ்டிக்கின் ‘டக்’ கேட்கும். அப்புறம், அடுத்த அறையில் யாரோ யோசித்து அனுப்பியதுபோல ஸ்வரம் வரும். மெதுவாக வாசிக்கும்வரை பொறுத்துக்கொள்ளலாம். கொஞ்சம் வேகம் பிடித்தால் கை ஓரிடம், காது ஓரிடம். இரண்டையும் சேர்த்து வைக்கப் பார்த்துத் தாளமே போய்விடும். தாளம் எனக்கு ஏற்கெனவே கொஞ்சம் தகராறுதான் என்பது வேறு விஷயம்.

கணினியின் ஓசையை வெளியே விடும் சவுண்ட் கார்டு சரியில்லை என்று உடனே முடிவுகட்டினேன். கணினியின் மதர்போர்டில் ஒட்டிக்கொண்டிருக்கும் சின்னச் சிப்பிடம் வேறென்ன எதிர்பார்ப்பது? அதே வேலையை வெளியிலிருந்து செய்யும் ஆடியோ இன்டர்ஃபேஸ் என்ற பெட்டி ஒன்றை வாங்கினேன். பிரித்து, அதோடு கணினியைப் பேசவைக்கும் டிரைவர் மென்பொருளை நிறுவி, ஹெட்போனை மாட்டிக்கொண்டு பெரும் எதிர்பார்ப்போடு ஒரு கட்டையை அழுத்தினேன்.

டக். பிறகு ஸ்வரம்.

ஏன் அப்படி ஆயிற்று என்று கண்டுபிடிக்க எனக்கு இரண்டு வாரம் பிடித்தது. நடுவில் கேபிளைத் தலைகீழாகச் செருகினேன், ஒரே கட்டைக்கு இரண்டு ஸ்வரம் கேட்டுப் பயந்தேன், நாள் முழுக்க ‘ம்ம்ம்’ என்று ரீங்கரிக்கும் ஸ்பீக்கரோடு சண்டை போட்டேன். இப்போது பார்த்தால் எல்லாக் குழப்பத்துக்கும் வேர் ஒன்றுதான். ஓசை போகும் வழி வேறு, விரல் செய்த காரியம் போகும் வழி வேறு. அந்த இரண்டையும் நான் ஒன்றாகவே நினைத்திருந்தேன்.

மிடி என்பது இசைக்கருவிகளும் கணினியும் பேசிக்கொள்ளும் மொழி. அதன் கேபிளில் ஓசை போவதில்லை. இதைப் பல இடங்களில் படித்திருக்கிறேன், தலையும் ஆட்டியிருக்கிறேன். ஆனால் உறைத்தது, கீபோர்டின் வால்யூமை முழுக்கக் குறைத்துவிட்டு வாசித்த பிறகும் கணினியில் பியானோ கம்பீரமாகக் கேட்டபோதுதான். கேபிளில் போவது வெறும் தகவல். நடு சி கட்டையை ஓரளவு பலமாக அழுத்தினால் போகும் செய்தி மூன்று பைட்: முதல் சேனலில் ஒரு கட்டை அழுத்தப்பட்டது, அதன் எண் 60, அழுத்திய வேகம் 90. விரலை எடுத்தால் இன்னொரு செய்தி. அந்த 60 பியானோவா, வயலினா, நாய்க் குரைப்பா என்பதைத் தீர்மானிப்பது மறுமுனையில் இருக்கும் கருவியோ மென்பொருளோதான். கட்டை எண்கள் 0 முதல் 127 வரை, வேகமும் அப்படியே. கமகம் வேண்டுமென்றால் சுருதியை வளைக்கும் பிட்ச் பெண்ட் சக்கரம் இருக்கிறது. அதற்கு மட்டும் 16,384 படிகள் கொடுத்திருக்கிறார்கள். கட்டைக்கும் கட்டைக்கும் நடுவில்தான் சங்கீதம் இருக்கிறது என்று நினைப்பவர்களுக்கு அந்தச் சக்கரம்தான் கதி.

இப்படியிருக்க, சவுண்ட் கார்டுக்கும் மிடிக்கும் நம் மனதில் இந்த முடிச்சு எப்படி விழுந்தது? அதற்கு வரலாறு இருக்கிறது. 1983 ஜனவரியில் அமெரிக்காவின் ‘நாம்’ (NAMM) என்ற இசைக்கருவிக் கண்காட்சியில் சீக்வென்ஷியல் சர்க்யூட்ஸ் நிறுவனத்தின் ஒரு சிந்தசைசரையும் (மின்னணு முறையில் ஒலியை உருவாக்கும் கருவி) ரோலண்டின் ஒரு சிந்தசைசரையும் கேபிளால் இணைத்து, ஒன்றை வாசித்தால் மற்றதும் பாடும் என்று காட்டினார்கள். போட்டி நிறுவனங்களின் கருவிகள் ஒரே மொழி பேசின என்பதுதான் அதில் விசேஷம். அந்த முயற்சிக்காக சீக்வென்ஷியலின் டேவ் ஸ்மித்துக்கும் ரோலண்டின் இக்குதாரோ ககேஹாஷிக்கும் 2013-இல் தொழில்நுட்பத்துக்கான கிராமி விருது கொடுத்தார்கள். அப்போது இதில் சவுண்ட் கார்டு எங்குமே இல்லை.

அது வந்தது பிறகு. 1987-இல் ஆட்லிப் என்ற கார்டு, 1989-இல் சவுண்ட் பிளாஸ்டர் என்ற கார்டு. இரண்டிலும் ஒய்எம்3812 என்ற ஒரே யமஹா சிப். அந்தச் சிப்தான் விளையாட்டுகளின் பின்னணி இசையைத் தன் கையால் உருவாக்கியது; அதாவது, கார்டுக்குள்ளேயே ஒரு சிந்தசைசர். ஆகவே கார்டுக்குள் இருக்கும் சிந்தசைசரைப் பொறுத்து, ஒரே மிடி கோப்பு ஒருவர் கணினியில் பொம்மை ஹார்மோனியம் போலவும், இன்னொருவர் கணினியில் வாத்தியக் குழு போலவும் கேட்டது. கூடவே சவுண்ட் பிளாஸ்டரின் பின்புறம் ஜாய்ஸ்டிக் செருகும் 15 பின் துளை; அதற்கென்று ஒரு தனிக் கேபிள் வாங்கினால் அதே துளை வழியாக மிடியும் பேசலாம். நல்ல கார்டு என்றால் நல்ல வாத்திய ஒலி, மிடி வேண்டுமென்றால் சவுண்ட் கார்டு என்ற இரண்டு நம்பிக்கையும் அந்தக் காலத்துக்கு முழு உண்மை. இன்றைக்கு வாத்தியங்கள் மென்பொருளாகக் கணினிக்குள் வந்துவிட்டன, ஜாய்ஸ்டிக் துளை மறைந்துவிட்டது, மிடி யுஎஸ்பியில் ஏறிவிட்டது. நம்பிக்கை மட்டும் அப்படியே நிற்கிறது. என் கீபோர்டின் பியானோ ஒலி புது சவுண்ட் கார்டால் இன்னும் நன்றாகும் என்று நானும்தான் நம்பினேன்.

சரி, தாமதத்துக்கு வருவோம். மிடிமீது பழி போடுவது எளிது. அதன் வேகம் நொடிக்கு 31,250 பிட். இன்றைய கணக்கில் ஆமை. ஆனால் ஒரு பைட்டுக்கு 10 பிட் வீதம் கணக்குப் போட்டால், மூன்று பைட் செய்தி போய்ச்சேர ஒரு மில்லிநொடிகூட ஆகாது. பத்து விரலையும் ஒரே சமயத்தில் வைத்தால்கூடக் கடைசி விரல் சுமார் 10 மில்லிநொடிக்குள் வந்துவிடும். என் காதில் விழுந்த தாமதம் இதைவிடப் பல மடங்கு. குற்றவாளி வேறெங்கோ இருந்தான்.

கணினி ஓசையைச் சொட்டுச் சொட்டாக வெளியே விடுவதில்லை. ஒரு வாளியில் நிரப்பி, நிரம்பியதும் கவிழ்க்கிறது. அந்த வாளிதான் பஃபர். அதில் விழும் ஒவ்வொரு துளி ஓசையும் ஒரு சாம்பிள்; 44.1 கிலோஹெர்ட்ஸ் என்றால் நொடிக்கு 44,100 சாம்பிள். அந்த வேகத்தில் 1024 சாம்பிள் கொள்ளும் பஃபர் 23 மில்லிநொடி. 256 என்றால் 6-க்கும் கீழே. 128 என்றால் 3-க்கும் கீழே. ஓசை காற்றில் ஒரு மீட்டர் போகவே சுமார் 3 மில்லிநொடி ஆகிறது. அப்படிப் பார்த்தால் 1024 என்பது 8 மீட்டர் தள்ளி நிற்கும் ஸ்பீக்கரைக் கேட்டு வாசிப்பது மாதிரி. வாளியை எவ்வளவு வேண்டுமானாலும் சிறிதாக்கலாமே என்றால், அதற்கும் எல்லை உண்டு. அடுத்த வாளியை நிரப்பக் கணினிக்கு நேரம் போதாமல் போனால் எண்ணெயில் கடுகு வெடிப்பதுபோல ஓசை பொரியும். என் பழைய கணினி 64-இல் பொரிகிறது, 128-இல் அடங்கிவிடுகிறது. ரெக்கார்டிங் முடிந்து கலவை வேலை பார்க்கும்போது மறுபடி 1024-க்கே ஏற்றிவிடுவேன். அப்போது தாமதத்தைப் பற்றி யாருக்குக் கவலை.

பஃபர் மட்டும் என்றால் கதை அங்கேயே முடிந்திருக்கும். விண்டோஸில் வழக்கமான பாதையில் போனால், ஓசை முதலில் விண்டோஸின் பொதுக் கலவைக்குள் போய், மின்னஞ்சல் வந்த மணியோடும் வீடியோ சத்தத்தோடும் சேர்ந்துதான் வெளியே வரும். இதைத் தாண்டிக் கார்டோடு நேராகப் பேச ஸ்டைன்பெர்க் நிறுவனம் 1997-இல் கொண்டுவந்த குறுக்குவழிதான் ஏசியோ. நான் புது இன்டர்ஃபேஸின் ஏசியோ டிரைவரை நிறுவியிருந்தேன். ரெக்கார்டிங் மென்பொருளின் ஆடியோ அமைப்பில் அதைத் தேர்ந்தெடுக்கவில்லை. அது பழைய விண்டோஸ் பாதையிலேயே, புது இன்டர்ஃபேஸ் வழியாக, அதே தாமதத்தோடு ஓடிக்கொண்டிருந்தது. பட்டியலில் ஒரு வரியை மாற்றினேன். டக்கும் ஸ்வரமும் ஒன்றாக வந்தன. இரண்டு வாரம்!

இதைவிட வயிற்றெரிச்சல் அடுத்த மாதம் வந்தது. மதர்போர்டுச் சிப்போடும் ஏசியோ முறையில் பேசவைக்கும் ஏசியோ4ஆல் என்ற இலவச டிரைவரை, சும்மா பார்க்கலாமே என்று போட்டேன். பழைய சிப்பே 256-இல் ஒழுங்காக வாசிக்கவிட்டது. கீபோர்டைக் கொண்டு மென்பொருள் பியானோ வாசிப்பது மட்டுமே நோக்கமென்றால் நான் எதையுமே வாங்கியிருக்க வேண்டியதில்லை. தாமதத்துக்காகச் சவுண்ட் கார்டு வாங்க நினைப்பவர்கள் முதலில் இதைச் செய்துபாருங்கள். மேக்கிலும் லினக்ஸிலும் இந்தக் குறுக்குவழி தேவைப்படாது. அங்கே பஃபர் அளவைக் குறைத்துப் பார்த்தாலே போதும்.

அப்படியானால் இன்டர்ஃபேஸ் எதற்கு? உள்ளே வரும் ஓசைக்காக. மைக், கிட்டார், கீபோர்டின் சொந்த ஒலி இவற்றைப் பதிய வேண்டும் என்ற கணத்தில் மதர்போர்டுச் சிப் கைவிரித்துவிடும். அதனால் கார்டு தேர்வு என்பது, என்னைக் கேட்டால், எண்ணிக்கை விவகாரம். ஒரே சமயத்தில் எத்தனை ஓசை உள்ளே வர வேண்டும் என்று விரல்விட்டு எண்ணிப் பாருங்கள். ‘ஒரே சமயத்தில்’ என்ற சொல்தான் முக்கியம். நான் இரண்டு துளைகள் உள்ளதை வாங்கினேன், ஒருவனுக்கு இரண்டு போதாதா என்று. கீபோர்டின் ஸ்டீரியோ ஒலிக்கு இடதும் வலதுமாக இரண்டும் போய்விட்டன. பாட வந்தவர் மைக்கைக் கையில் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

துளை எண்ணிக்கைக்கு அடுத்து, எந்த மாதிரித் துளை என்பது. மின்சாரம் கேட்கும் கண்டென்சர் வகை மைக்குக்கு, மைக் கேபிள் வழியாகவே போகும் 48 வோல்ட் ஃபான்டம் பவர் வேண்டும். மின்கிட்டாருக்கு இன்ஸ்ட்ருமென்ட் பொத்தான் வேண்டும். அது இல்லாமல் சாதாரண லைன் துளையில் செருகினால் கிட்டார் கம்பளிக்குள் இருந்து பேசுவதுபோலக் கேட்கும். கீபோர்டுக்கு லைன் துளை போதும், மைக்கின் மெல்லிய ஒலியைப் பெருக்கும் ப்ரீஆம்ப் தேவையே இல்லை. ஒலிபரப்பாளர்களுக்கு முன்னால் நாம் பார்க்கும், டைனமிக் வகையைச் சேர்ந்த சில பெரிய மைக்குகள் சுமார் 60 டெசிபல் பெருக்கம் கேட்கும். மலிவான பெட்டிகள் அந்த எல்லைக்குப் பக்கத்தில் போகும்போதே சீறத் தொடங்கிவிடும். அப்படிப்பட்ட மைக் உங்களிடம் இருந்தால் ப்ரீஆம்பின் அதிகபட்சப் பெருக்கம் எவ்வளவு என்ற ஒரு எண்ணை மட்டும் தேடிப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

192 கிலோஹெர்ட்ஸ், 32 பிட் என்று பெட்டியில் பெரிய எழுத்தில் போட்டிருப்பதற்கு நான் மதிப்பெண் போடுவதில்லை. காது 20 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் கேட்பதில்லை; சாம்பிள் வேகம் அதைப்போல இரண்டு மடங்குக்கு மேல் இருந்தால் சரி, அதற்கு 44.1-உம் 48-உம் போதும். ஒவ்வொரு சாம்பிளையும் எவ்வளவு நுணுக்கமாக அளக்கிறது என்ற பிட் விஷயத்தில் 16-லிருந்து 24-க்குப் போவது மட்டும் உண்மையான லாபம், காரணம் சத்தத்தைக் கொஞ்சம் தாழ்த்தியே பதியலாம், திடீரென்று பாடகர் உச்சத்துக்குப் போனாலும் உடையாது. யுஎஸ்பி 3 வேண்டுமா என்று கேட்பவர்களுக்கு: 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ் ஸ்டீரியோ ஓசை நொடிக்கு 5 மெகாபிட்டைக்கூடத் தொடுவதில்லை, பழைய யுஎஸ்பி 2-இன் கொள்ளளவு 480.

நான் பார்ப்பது டிரைவரைத்தான். தயாரிப்பாளரின் தளத்தில் அந்த மாடலின் டிரைவர் கடைசியாக எப்போது புதுப்பிக்கப்பட்டது, அதற்கு முந்தைய தலைமுறை மாடலை இன்னும் கவனிக்கிறார்களா என்று தேடுவேன். காரணம், பழைய அனுபவம் ஒன்று: பொன்போல ஒலித்த ஒரு பெட்டி, இயங்குதளம் மாறிய மறுநாள் கதவு நிறுத்தும் கட்டையாகிவிட்டது. உள்ளே ஒரு பாகமும் கெடவில்லை. டிரைவர் எழுத ஆளில்லை, அவ்வளவுதான். தனி டிரைவர் எதுவும் கேட்காமல், செருகியதும் பொது யுஎஸ்பி ஆடியோ முறையில் இயங்கும் பெட்டிகளுக்கு ஆயுள் கூடுதல். டேப்லெட்டிலும் பெரும்பாலும் ஓடிவிடும்.

மிடி துளைகள் இன்டர்ஃபேஸிலேயே இருக்க வேண்டுமா? உங்கள் கீபோர்டில் ‘டு ஹோஸ்ட்’ என்று எழுதிய சதுரமான யுஎஸ்பி துளை இருந்தால் வேண்டாம். பிரின்டருக்குச் செருகும் அதே கேபிள் போதும். ‘டு டிவைஸ்’ என்று இருந்தால் அது பென்டிரைவுக்கு, கணினிக்கு அல்ல. என்னுடையதைப்போலப் பழைய ஐந்து பின் வட்டத் துளை மட்டும் இருந்தால் மட்டுமே இந்தக் கேள்வி எழும். இன்டர்ஃபேஸில் மிடி இன், அவுட் இருந்தால் சௌகரியம். இல்லாவிட்டால் யுஎஸ்பி மிடி கேபிள். அதில் ரொம்ப மலிவானவற்றை நம்பாதீர்கள். சாதாரண ஸ்வரங்களைக் கடத்திவிடும். கீபோர்டின் ஒலி அமைப்புகளை மொத்தமாகச் சேமிக்கும் சிஸெக்ஸ் என்ற நீண்ட செய்தி வந்தால் பாதியில் விழுங்கிவிடும்.

அந்தக் கேபிளின் இரண்டு வால்களில் ஒன்றில் இன், மற்றதில் அவுட் என்று எழுதியிருக்கும். இன்னை இன்னில்தானே செருக வேண்டும் என்று செருகினேன். மயான அமைதி. பேச்சுக்கு எதிரில் காது இருக்க வேண்டும். கீபோர்டின் அவுட் கணினியின் இன்னுக்குப் போக வேண்டும். இதில் வேடிக்கை என்னவென்றால், சில தயாரிப்பாளர்கள் ‘இது எந்தத் துளைக்குப் போக வேண்டும்’ என்ற அர்த்தத்தில் பெயர் எழுதுகிறார்கள், சிலர் ‘இது என்ன’ என்ற அர்த்தத்தில். ஆகவே ஓசை இல்லையென்றால் மாற்றிச் செருகிப் பாருங்கள். எதுவும் எரிந்துபோகாது. ஏன் என்பதுதான் இந்த முழு அமைப்பிலும் எனக்குப் பிடித்த விஷயம். ஒவ்வொரு மிடி இன் துளைக்குப் பின்னாலும் ஒரு சின்ன விளக்கும், அதைப் பார்க்கும் ஒரு கண்ணும் இருக்கின்றன. கேபிளில் வரும் 5 மில்லிஆம்பியர் மின்னோட்டம் விளக்கை ஏற்றி அணைக்கிறது. கண் அதைப் படிக்கிறது. இரண்டு கருவிகளுக்கும் நடுவில் அந்த இடத்தில் மின்சாரத் தொடர்பே இல்லை, வெளிச்சம் மட்டும்தான்.

அந்த விளக்கின் அருமை ஓராண்டு கழித்துத் தெரிந்தது. யுஎஸ்பி துளை உள்ள இன்னொரு கீபோர்டு வந்தது. ஒரே கேபிளில் முடிந்ததே என்று மகிழ்ந்து, அதன் ஸ்டீரியோ ஒலியையும் இன்டர்ஃபேஸில் செருகினேன். ‘ம்ம்ம்’ என்று அடிநாதமும், மவுஸை நகர்த்தினால் கீச்சொலியும். கீபோர்டும் கணினியும் யுஎஸ்பி வழியாக ஒருமுறை, ஓசைக் கேபிள் வழியாக இன்னொருமுறை எர்த்தில் கைகோத்துக்கொண்டு வட்டம் போட்டிருந்தன. யுஎஸ்பியைப் பிடுங்கினால் நிசப்தம். எர்த் பின்னை வெட்டிவிடு என்று சொல்ல ஒருவர் கட்டாயம் வருவார். அவர் பேச்சைக் கேட்காதீர்கள், அது உயிர் காக்கும் கம்பி. மின்தொடர்பை அறுத்து ஓசையை மட்டும் கடத்தும், டிரான்ஸ்ஃபார்மர் உள்ள டிஐ பெட்டியை ஓசைப் பாதையில் வைத்தால் தீரும். நான் அதைக்கூடச் செய்யவில்லை. அந்தக் கீபோர்டின் முதுகில் ஐந்து பின் துளையும் இருந்தது. யுஎஸ்பியைக் கழற்றிவிட்டுப் பழைய கேபிளைச் செருகினேன். 1983-இல் வைத்த விளக்கு ரீங்காரத்தை நிறுத்தியது.

இரட்டை ஸ்வரம் பற்றிச் சொல்லவில்லையே. கீபோர்டு தன் ஒலியைத் தானே எழுப்புகிறது. அதே செய்தியைக் கணினிக்கும் அனுப்புகிறது. ரெக்கார்டிங் மென்பொருள் அதை வாங்கித் திரும்பக் கீபோர்டுக்கே அனுப்புகிறது. கீபோர்டு மறுபடி வாசிக்கிறது. ஒரு கட்டைக்கு இரண்டு பியானோ, கொஞ்சம் முன்பின்னாக, குகைக்குள் வாசிப்பதுபோல. கீபோர்டின் அமைப்பில் லோக்கல் கன்ட்ரோல் என்று ஒன்று இருக்கும். அதை அணைத்தால் கட்டைகளுக்கும் உள்ளேயிருக்கும் ஒலிக்கும் தொடர்பு அறுந்து, கணினி சொன்னால் மட்டும் பாடும். மறுநாள் கணினியைப் போடாமல் வாசிக்க உட்கார்ந்து, கீபோர்டு செத்துவிட்டது என்று பதறுவீர்கள். அதுவும் லோக்கல் கன்ட்ரோல்தான். ஸ்வரத்தை நீட்டும் பெடல் தலைகீழாக வேலைசெய்தால், அதை மிதிக்காமல் கீபோர்டை அணைத்து மறுபடி போடுங்கள். பல கருவிகள் தொடங்கும்போது பெடல் இருக்கும் நிலையைத்தான் ஓய்வு நிலை என்று எடுத்துக்கொள்கின்றன.

போன வாரம் அக்கா மகன் போனில் கூப்பிட்டான். புதிதாகக் கீபோர்டு வாங்கியிருக்கிறான்.

“மாமா, சத்தமே வரலை. சவுண்ட் கார்டு மாத்தணும்னு நினைக்கிறேன். நல்லதா ஒண்ணு சொல்லுங்களேன்.”

“கேபிள்ல இன்னு போட்டிருக்கிறதை எங்க சொருகியிருக்க?”

“இன்லதான்.”

“கழட்டி அவுட்ல போடு.”

போனில் கொஞ்சநேரம் உரசல் சத்தம். அப்புறம் டக் என்று ஒரு கட்டை. சற்று நேரம் கழித்து, பியானோ.

“வந்துடுச்சு மாமா! ஆனா…” என்று இழுத்தான்.

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.